கெவின் பொன்னுசாமியின் சாப்பாடு

1

உங்கள் வீட்டுக்குள் பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்?

செருப்பைத் தேடுவீர்கள். விளக்குமாற்றை எடுப்பீர்கள். வசதியான வீடென்றால் ஸ்ப்ரே அடித்துவிட்டுக் கதவைச் சாத்துவீர்கள். நாங்கள் இங்கே சன்னிவேலில் கேரட் துருவிப் போடுகிறோம். தாகம் எடுக்குமே என்று ஸ்பாஞ்சை நனைத்து வைக்கிறோம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் உள்ளே விழுந்து செத்துப்போகும். அவ்வளவு சமர்த்து.

"அமெரிக்கால அப்படி என்னதான்டா பண்றே, விவரமா எழுது" என்று உடுமலைப்பேட்டையிலிருந்து காலேஜ் நண்பன் ஈமெயில் போட்டிருந்தான். இன்றோடு நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. விவரமாகவே எழுதுகிறேன். பி.இ. முடித்து, கன்சுலேட் வாசலில் விடிகாலையில் வரிசை பிடித்து, எச்-ஒன் விசா வாங்கி, பசிபிக் கடலைத் தாண்டி வந்து சுவர்க்கோழி வளர்க்கிறேன். மழை பெய்த மறுநாள் நம்மூர் பாத்ரூம் மூலையில் கிர்ர் என்று கத்துமே, அதே சாதி. ஊரில் அது ஓசியில் குடியிருக்கும். இங்கே அதற்குத் தனிப் பெட்டி, தனிச் சாப்பாடு, தனி டெம்பரேச்சர்.

ஆபீஸ் வேலையும் இருக்கிறது, பயப்படாதீர்கள். தேதியில் இரண்டு எண்களைச் சேர்ப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்றார்கள். ரெண்டாயிரம் பிறந்தது. ஒன்றும் படுக்கவில்லை. நாங்கள் ஒழுங்காக வேலை செய்ததால் படுக்கவில்லையா, முதலிலேயே படுக்கிற விஷயம் இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தின் பேரில்தான் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது.

2

நான் இருப்பது அண்ணன் வீட்டில். எல் கமினோ ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு அபார்ட்மென்ட். அண்ணன் கன்சல்டன்ட். திங்கட்கிழமை ப்ளேன் ஏறி எங்கோ ஒரு க்ளையன்டைக் காப்பாற்றப் போனால் வெள்ளிக்கிழமை வருவார். இந்த மாதம் வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அண்ணி சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். அவர்கள் பெண் நிவேதா என்கிற நிவிக்கு ஒன்பது வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். 'சித்தப்பா' வாய்க்கு நீளமாக இருக்கிறதென்று என்னை 'சிட்ஸ்' ஆக்கிவிட்டாள். ஆபீஸில் செல்வகணபதி என்கிற என் பேரை 'செல்' ஆக்கியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச வருஷம் இருந்தால் என் பேரில் மிச்சம் எதுவும் இருக்காது.

நிவி நாய் கேட்டாள். லீஸில் நாய் கூடாது. பூனை கேட்டாள். பூனையும் கூடாது. பல்லியைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள். அப்படித்தான் அவளுடைய பிறந்தநாளுக்கு கெவின் வந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், எப்போதும் எதையோ நினைத்துச் சிரிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. பேர் வைத்தவள் நிவி. வீட்டில் எந்த வெள்ளைக்காரனும் ஒரே தடவையில் சரியாகச் சொல்கிற பேர் அது ஒன்றுதான்.

பல்லி நமக்குப் புதிதா? ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்கும். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன். சாம்பாரில் விழுந்தால் மாலைப் பேப்பரில் செய்தி. ஆனால் அது தன் சாப்பாட்டைத் தானே பிடித்துக்கொள்ளும், நம்மிடம் எதுவும் கேட்காது. அமெரிக்கப் பல்லிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கண்ணாடித் தொட்டி, அடியில் சூடு கொடுக்க ஒரு மின்சாரப் பாய், ஒளிந்துகொள்ள ஒரு ப்ளாஸ்டிக் குகை. சாப்பாடு உயிரோடு துள்ள வேண்டும், செத்த பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அளவும் உண்டு: அதன் இரண்டு கண்ணுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை விடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. எனக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கண்டிஷன் போடுவதில்லை.

3

முதலில் கடையில்தான் வாங்கினோம். பெட் ஸ்டோரில் பாலித்தீன் பையில் காற்றை ஊதிக் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு நாள் காரில் வரும்போது பை பிரிந்துவிட்டது. அதில் ஒன்று மட்டும் டாஷ்போர்டுக்குள் போய்க் குடியேறி, சிக்னலில் வண்டி நின்றால் கத்தும். பச்சை விழுந்தால் நிறுத்திவிடும். நல்ல பிரஜை.

அண்ணிதான் யோசனை சொன்னார். "வீட்லயே பண்ணிக்கலாமே தம்பி. சுத்தமாவும் இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் தயிர் வீட்டில் உறை ஊற்றியது, மாவு வீட்டில் அரைத்தது, சாம்பார்ப் பொடி வீட்டில் வறுத்தது. கடையில் வாங்குவது என்பது ஒரு சின்னத் தோல்வி. பூச்சி மட்டும் என்ன பாவம் செய்தது? கடைப் பூச்சியைப் பற்றிப் பேசும்போது அண்ணியின் முகத்தில், எந்த எண்ணெயில் பொரித்தானோ என்கிற அதே சந்தேகம் வரும்.

சரி, பண்ணினோம். துணி வைக்கிற பெரிய ப்ளாஸ்டிக் பெட்டி. மூடியில் சதுரமாக வெட்டி நைலான் வலை ஒட்டினேன். வலையைக் கடித்துத் தின்றுவிட்டு வெளியே வந்தன. பிறகு அலுமினிய வலை. உள்ளே ஒளிந்துகொள்ள முட்டை அட்டைகள். எல் கமினோவில் ஒரு இந்தியன் ரெஸ்டாரன்ட்டில் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று சமையல்காரர் கேட்டார். ரூமில் பாட்டு ரெக்கார்ட் பண்ணுகிறோம், சவுண்ட் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். முட்டையிட ஈரமண் போட்ட ஒரு டப்பா. பெண் பூச்சிக்குப் பின்னால் ஊசி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். அதை மண்ணில் குத்தி நிற்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் எள்ளை விடச் சின்னதாகக் குஞ்சுகள் கிளம்பும்.

சூடு இருந்தால்தான் கிளம்பும். அங்கேதான் சிக்கல். சன்னிவேலில் வருஷம் முழுக்க யாரோ ஏசி போட்டுவிட்டு அணைக்க மறந்த மாதிரி ஒரு குளிர். இட்லி மாவே பொங்காது. அதற்கென்று அண்ணி கண்டுபிடித்து வைத்திருந்த இடம் வாட்டர் ஹீட்டர் க்ளாசெட்: ஹாலை ஒட்டி ஹீட்டர் நிற்கிற ஒரு ஆள் உயர அலமாரி. மாவு பொங்கத் தேவையான சூடும் பூச்சி பொரிக்கத் தேவையான சூடும் ஒன்றுதான் என்பதை நாங்கள் சொந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தோம். மேல்தட்டில் மாவுப் பாத்திரம், கீழ்த்தட்டில் பூச்சிப் பெட்டி. கதவைத் திறந்து அண்ணி இரண்டையும் ஒரே பார்வையில் செக் பண்ணுவார்.

இதற்கு மேல் கால்சியம். வெறும் பூச்சி தின்றால் கெவினுக்கு எலும்பு வளைந்துவிடுமாம். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலை, பூச்சிகளை ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, கால்சியம் பவுடரையும் போட்டுக் குலுக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று வெளியே வரும். நான் குலுக்கி ஒரு டப்பியில் போட்டு வைப்பேன், நிவி எடுத்துக் கொடுப்பாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு என் மேல் நம்பிக்கை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசும்போது அம்மா கேட்டது: "அங்க மழையாடா? சுவர்க்கோழி கத்தறது கேக்குது." ஆமாம்மா, நல்ல மழை என்றேன். வெளியே மூன்று மாதமாக ஒரு சொட்டு இல்லை.

4

அம்மாவிடம் ஏன் பொய் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத் தொழில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா பொன்னுசாமிக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. பூச்சி மருந்துக் கடை.

நான் ஹோம்வொர்க் பண்ணியது மருந்து அட்டைப்பெட்டியின் மேல். எங்கள் வீட்டுச் சட்டைகள் துவைத்தாலும் அந்த வாசம் போகாது. ஸ்கூலில் என் பக்கத்தில் கொசு வராது என்று பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். விவசாயிகள் தீப்பெட்டிக்குள் ஒரு புழுவைப் போட்டு எடுத்து வருவார்கள். அப்பா திறந்து பார்ப்பார், மூடுவார், பின்னால் திரும்பி ஒரு பாட்டிலை எடுப்பார். பருத்தியில் காய்ப்புழு கடுமையாக அடித்த வருஷம் எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். தக்காளியில் அசுவினி வந்த வருஷம் அண்ணன் அமெரிக்கா வந்தார். எங்கள் குடும்பம் முன்னேறியதெல்லாம் அந்தந்தப் பருவத்துப் பூச்சியின் தயவு. அப்படிப்பட்ட மனிதரிடம், நீங்கள் படிக்க வைத்த பையன் பூச்சிக்குக் கேரட் துருவுகிறான் என்று யார் சொல்வது?

கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தார். வருவதற்கு முன்னால் கஸ்டம்ஸ் கார்டை எப்படி நிரப்புவது என்று அண்ணி போனிலேயே பாடம் நடத்தினார். "என்ன கேட்டிருந்தாலும் 'நோ' போட்டுருங்க மாமா." அப்பா எல்லாவற்றுக்கும் 'நோ' போட்டார். ஏர்ப்போர்ட்டில் கறிவேப்பிலை மட்டும் பிடிபட்டுப் போனது.

கறிவேப்பிலை இருந்தும் போட்ட அந்த 'நோ' அண்ணியைத் தூங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது. அண்ணனின் கிரீன் கார்டு கடைசிப் படியில் நிற்கிறது. கடைசிப் படியில் நிற்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் பார்க்கிங் டிக்கெட் வந்தாலும் லைப்ரரிப் புத்தகம் லேட்டானாலும் முதல் கேள்வி, இது கிரீன் கார்டைப் பாதிக்குமா என்பதுதான். என் எச்-ஒன்னும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும் வழியில் எங்கோ தொங்குகிறது. வீட்டில் பயமில்லாத அமெரிக்கர்கள் இரண்டே பேர், நிவியும் கெவினும்.

அப்பாவிடம் கெவினை மறைக்க முடியாது, தொட்டி ஹாலில் இருக்கிறது. குனிந்து பார்த்தார்.

"இத எங்கடா புடிச்சீங்க?"

"வாங்குனதுங்கப்பா."

"காசு குடுத்தா?"

பூச்சியை மட்டும் மறைத்தோம்: கெவினுக்குச் சாப்பாடு அவர் வாக்கிங் போயிருக்கும் நேரத்தில்தான். பூச்சிப் பெட்டியின் மேல் அண்ணி 'கம்ப்யூட்டர் பார்ட்ஸ்' என்று எழுதி ஒட்டினார். கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்தால் அப்பா தொடமாட்டார், அது பிள்ளைகளின் சாப்பாடு. சத்தம் என்னவென்று கேட்டார். ஹீட்டர் என்றேன். "இந்த ஊர் ஹீட்டரு அச்சு அசல் சுவர்க்கோழியாட்டக் கத்துது" என்று அம்மாவிடம் போனில் வியந்தார்.

பேத்தியோடு பேசத்தான் அவர் வந்தது. "அம்மணி, சாப்டியா?" என்பார். நிவி ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகச் சொல்லிவிட்டு ஓடுவாள். இவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் மொழிபெயர்ப்பேன். ஆறு வாரம் இப்படியே. பிரதமர்கள் சந்தித்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

5

போன சனிக்கிழமை. அப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மாவு பொங்கிவிட்டதா என்று க்ளாசெட்டைத் திறந்திருக்கிறார். மாவுப் பாத்திரத்தின் மூடியில் இரண்டு சுவர்க்கோழி உட்கார்ந்திருந்தன. எப்படித் தப்பித்தன என்று தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்தால் கம்ப்யூட்டர் பார்ட்ஸுக்குள் கூட்டமாக ஓடுகின்றன. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர் வேறு என்ன நினைப்பார்? பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்குள் பூச்சி புகுந்துவிட்டது.

தன் சூட்கேஸைத் திறந்து சாக்பீஸை எடுத்தார். உங்களுக்குத் தெரியும்: கரப்பானுக்கும் எறும்புக்கும் கோடு போடுகிற மருந்து சாக்பீஸ். எங்கள் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சில்லறை இல்லாவிட்டால் மற்ற கடைகளில் மிட்டாய் கொடுப்பார்கள், அப்பா அதைக் கொடுப்பார். இந்த ஊரில் நல்ல மருந்து கிடைக்காதென்று ஒரு டஜன் டப்பா கொண்டு வந்திருந்தார். மாவை எடுத்துச் சமையலறையில் வைத்தார். தட்டு ஓரமெல்லாம் கோடு இழுத்தார். பிறகு பெட்டி மூடியின் வலை மேலேயே சாக்பீஸை வைத்து நன்றாகத் தேய்த்தார். தூள் உள்ளே இறங்கியது. கதவைச் சாத்திவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வாக்கிங் போனார்.

சனிக்கிழமை கார்ட்டூனுக்காக நிவி சீக்கிரம் எழுவாள். கெவினும் அந்த நேரத்தில்தான் முழித்திருக்கும். டப்பியில் பூச்சி இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நேராகப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். பூச்சிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. சிட்ஸ் எழுந்து எல்லாவற்றுக்கும் கால்சியம் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் என்னைச் சுறுசுறுப்பானவன் என்று நம்பியது அந்த ஒரு தடவைதான். இரண்டு பூச்சியை எடுத்து கெவினுக்குப் போட்டாள்.

நான் எழுந்தது அவள் என் காலைப் பிடித்து இழுத்ததால். "சிட்ஸ், ஹீ'ஸ் ஷேக்கிங்" என்றாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

கெவினின் தலை ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி இழுத்தது. வாய் திறந்திருந்தது. வால் நுனி நடுங்கியது. ஓடிப்போய் க்ளாசெட்டைத் திறந்தேன். பெட்டியில் பாதிப் பூச்சிகள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன, மீதிப் பாதி அதையும் நிறுத்திவிட்டன. வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். அந்தக் கோட்டை எனக்குப் பேசத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும்.

நிவியின் கையைப் பிடித்துக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்தார். அண்ணனின் பழைய கம்பெனி டீ-ஷர்ட், நல்ல மூட்.

"அப்பா, க்ளாசெட்ல சாக்பீஸ் போட்டீங்களா?"

"ஆமா. மாவு மேல ஏறுதுடா பூச்சி. உங்க பார்ட்ஸ் டப்பா பூராவும் பூந்துருச்சு. ஒண்ணு மிஞ்சாது, பாரு."

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பார்ட்ஸ் இல்லை, சாப்பாடு. வளர்த்தது நான். தின்றது கெவின். இரண்டு நிமிஷத்தில் சொல்லிமுடிக்கிற விஷயத்தைத்தான் ஆறு வாரமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறோம். அப்பா என்னைப் பார்க்கவில்லை, நிவியைப் பார்த்தார். அவள் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தாள்.

6

பல்லி பார்க்கிற டாக்டர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. போன் புக்கைப் புரட்டி, சனிக்கிழமை திறந்திருக்கும் ஒரு க்ளினிக்கைப் பிடித்தேன். ரிசப்ஷனில் ஒரு பெண், வெல்லம் தடவிய குரல். பேஷன்ட் பேர் என்ன? கெவின். லாஸ்ட் நேம்?

இங்கே லாஸ்ட் நேம் இல்லாமல் தண்ணீர்கூடக் கிடைக்காது. நம்மிடம் அது கிடையாது என்பதால் எங்கள் இனிஷியலை விரித்து அப்பா பேரைக் குடும்பப் பேராக ஆக்கியிருக்கிறோம். அண்ணன் பொன்னுசாமி, நான் பொன்னுசாமி, அண்ணி பொன்னுசாமி, நிவி பொன்னுசாமி. பல்லிக்கு வேறு என்ன சொல்வது? பி-ஓ-என்-என்-யூ என்று ஆரம்பித்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"எம் பேர எதுக்குடா சொல்றே?" என்றார் அப்பா, பின்னாலிருந்து. கொஞ்சம் பயந்திருந்தார்.

கெவின் என்ன சாப்பிட்டது என்று அடுத்த கேள்வி. மருந்துபட்ட பூச்சி என்றேன். என்ன மருந்து என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"இண்டியால இருந்து வந்துச்சுன்னு சொல்லீராதீங்க தம்பி. கஸ்டம்ஸ்ல நோ போட்டிருக்கோம்."

எனக்கும் அப்படித்தான் ஓடியது. பூச்சி மருந்தை சூட்கேஸில் கடத்தி வந்தவரின் பெயர் பொன்னுசாமி; கிரீன் கார்டு கேட்கிறவன் பெயர் பொன்னுசாமி; எங்கோ ஒரு ஆபீசர் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வரும். விசாவில் இருந்து பாருங்கள், வராது. ஒரு மாதிரியான சாக் என்றேன். எந்த மாதிரி? வெள்ளை மாதிரி. டப்பா இருக்கிறதா? இல்லை என்றேன். டப்பா அப்பாவின் கையில் இருந்தது.

என்ன மருந்தென்று தெரியாமல் டாக்டர் எதுவும் கொடுக்க முடியாது சார் என்றாள் அவள், அதே வெல்லக் குரலில். நான் அண்ணியைப் பார்த்தேன். கெவினின் பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டு நின்றது.

நிவி எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, ஸ்கூலில் கதை சொல்கிற ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்கள் தாத்தா இந்தியாவிலிருந்து பூச்சி கொல்லும் சாக்பீஸ் கொண்டு வந்தார். அது இங்கே தடை செய்யப்பட்டது என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியாது. டப்பா எங்களிடம் இருக்கிறது. கெவினைக் காப்பாற்ற முடியுமா?

தடை செய்யப்பட்டது என்கிற தகவலை யாரும் கேட்கவே இல்லை. அது எக்ஸ்ட்ரா. அண்ணி அப்படியே சோபாவில் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. ஓகே ஹனி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். அவ்வளவுதான். ஹெலிகாப்டர் வரவில்லை. எந்த ஆபீசரும் எந்த ஃபைலையும் திறக்கவில்லை.

7

கெவினைத் தயிர் டப்பாவில் துணி விரித்து வைத்து, மூடியில் ஓட்டை போட்டோம். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அவரே வந்து பின்சீட்டில் நிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைத் தேடிக் கண்டுபிடித்து அவரே மாட்டிக்கொண்டார். கையில் சாக்பீஸ் டப்பா. டாஷ்போர்டு சுவர்க்கோழி செத்து ரொம்ப நாளாகிவிட்டதால் சிக்னலில்கூட சத்தம் இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா சொன்னார். "அம்மணி, தாத்தன் வேணும்னு பண்ணுல கண்ணு."

நிவி தயிர் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"தாத்தா, நீ பேசாதே."

ஆறு வாரமாக அவர் காத்துக்கொண்டிருந்த தமிழ் வாக்கியம். நல்ல சுத்தமான உச்சரிப்பு. மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

க்ளினிக்கில் நாய்களும் ஒரு முயலும் உட்கார்ந்திருந்தன. நர்ஸ் கதவைத் திறந்து, பேப்பரைப் பார்த்து, "கெவின் பானுசேமி" என்று கூப்பிட்டாள். நாங்கள் எழுவதற்கு முன்னால் அப்பா எழுந்து நின்றுவிட்டார். தன் பேர் காதில் விழுந்ததும் எழுந்தவர், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தும் உட்காரவில்லை. சாக்பீஸ் டப்பாவை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். டாக்டர் ஒரு வயதான வெள்ளைக்காரர். டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கெவினின் வாயைக் கழுவினார், ஒரு ஊசி போட்டார், தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார். சூடாக வைத்திருங்கள், குளிர்ந்தால் விஷத்தின் வேகம் கூடும் என்றார். உறுதி எதுவும் சொல்ல முடியாது. தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

8

இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. இழுப்பு மறுநாளே நின்றுவிட்டது. ஆனால் கெவின் குகையை விட்டு வரவில்லை, எதையும் தொடவில்லை. கொழுத்திருந்த வால் சுருங்கிக்கொண்டு வருகிறது. அதன் சேமிப்பெல்லாம் வாலில்தானாம்.

அண்ணி மாவைக் கொட்டிவிட்டு க்ளாசெட்டை மூன்று தடவை கழுவினார். மிச்ச சாக்பீஸ் டப்பாக்களைக் குப்பையில் போடக் கூடாது. இந்த மாதிரிச் சாமான்களுக்கென்று கவுன்டி என்கிற ஜில்லா நிர்வாகம் ஒரு இடம் வைத்திருக்கிறது. போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கி, என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். சொல்வதா என்று அண்ணி யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை டப்பாக்கள் என் கார் டிக்கியில். என்னை போலீஸ் நிறுத்தினால் கதையின் மீதியை நீங்கள் பேப்பரில் படிக்கலாம்.

ஈரமண் டப்பா ஒன்று மட்டும் அன்றைக்கு நிவியின் ரூமில் விளக்குக்கு அடியில் இருந்ததால் தப்பித்தது. அதில் முட்டைகள் இருக்கின்றன. மண் காய்ந்தால் போச்சு. அப்பா யாரையும் கேட்காமல் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் மண்ணுக்குத் தண்ணீர் அடிக்கிறார். மனிதருக்கு ஸ்ப்ரேயர் பிடிக்கிற லாகவம் பிறவியிலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை, கார்டு தீர்ந்துகொண்டிருக்கிறது. "உங்கொப்பன் பூச்சிக்குத் தண்ணி தெளிக்கறாரா? கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லட்டா?" ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "வேண்டாம்" என்றார். பிறகு அம்மா, "என்னடா, மழ நின்னுருச்சா? சத்தத்தயே காணோம்" என்றது. நின்றுவிட்டதம்மா என்றேன்.

நிவி இந்த வாரம் முழுக்கத் தாத்தாவோடு ஆங்கிலத்தில்கூடப் பேசவில்லை. அவரும் அவள் சொன்ன மாதிரியே பேசாமல் இருக்கிறார். ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் தொட்டிக்கு முன்னால் உட்காருவாள். அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவார். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருக்கும், நான் உட்காரவில்லை.

பூச்சி வளரும்வரை பெட் ஸ்டோரில் மாவுப்புழு வாங்கி வந்தேன். அப்பா உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்த்தார். "ரைஸ்மில்லு மூட்டைல கெடக்கும். இதுக்கு மருந்து நம்மகிட்ட..." என்று ஆரம்பித்து, நிவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்று காலையில் மூன்று புழுவைத் தட்டில் போட்டுக் குகை வாசலில் வைத்தேன். பீங்கான் தட்டு, ஓரம் வழுக்கும், புழுவால் ஏறி வெளியே வர முடியாது.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து நிவியின் குரல் கேட்டது. என்னைக் கூப்பிடுகிறாள் என்று பாதி எழுந்துவிட்டேன். கூப்பிட்டது தாத்தாவை. "தாத்தா, கம் ஹியர்." நாற்காலி நகர்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காததால் நானும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

தட்டில் இப்போது இரண்டு புழுதான் இருக்கிறது.